டீச்சர் பதில்கள்: எட்ருஸ்கர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

சென்ற இதழில் தார்க்குவினியா கல்லறை ஓவியங்களைப் பற்றி எழுதும்போது, எட்ருஸ்கர்களை "இத்தாலி மண்ணிலேயே உருவான மக்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. வகுப்பில் நின்று பாடம் நடத்திய நாளிலிருந்தே எனக்கு மிகவும் பிடித்த விவாதம் இது. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

முந்தைய இதழைப் பார்க்காதவர்களுக்கு ஒரு முன்குறிப்பு. ரோம் பெரிய ஊராக வளர்வதற்கு முன்பே, ஆர்னோ ஆற்றுக்கும் டைபர் ஆற்றுக்கும் நடுவில் பெரிய நகரங்களைக் கட்டி வாழ்ந்தவர்கள் எட்ருஸ்கர்கள். இன்றைய டஸ்கனி, அதன் கிழக்கே உம்பிரியாவின் ஒரு பகுதி, தெற்கே லாசியோவின் வடபாதி ஆகியவை அவர்கள் நாடு. கி.மு. 396-இல் வேயி நகரம் ரோமானியர் கையில் விழுந்தது. அதன்பின் ஒவ்வொரு நகரமாக ரோமுக்குள் கரைந்துபோயின. அவர்கள் மொழி அக்கம்பக்கத்து மொழிகள் எதோடும் சேராத மொழி. விவாதம் இத்தனை காலம் ஓய்ந்துபோகாமல் இருப்பதற்கு அந்த மொழிதான் பெரிய காரணம்.

டீச்சர், எட்ருஸ்கர்கள் ஆசியா மைனரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று எங்கள் பாடக் குறிப்பில் இருக்கிறது. நீங்கள் வேறு மாதிரி எழுதுகிறீர்கள். தேர்வில் நான் எதை எழுதுவது?
— கல்லூரி மாணவி, திருச்சி

இரண்டையும் எழுதம்மா. யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்பதையும் சேர்த்து எழுது. மதிப்பெண் அதற்குத்தான்.

கப்பல் கதையைச் சொன்னவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில். அவருடைய முதல் புத்தகத்திலேயே வருகிறது. இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த லிடியா நாட்டில், அட்டிஸ் என்ற அரசன் காலத்தில் கடும் பஞ்சம். பசியை மறக்க லிடியர்கள் பகடை, எலும்புக் காய், பந்து எல்லாம் கண்டுபிடித்தார்களாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் விளையாடுவது, மறுநாள் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவது என்று 18 வருடம் ஓட்டினார்கள். அப்புறமும் பஞ்சம் தீரவில்லை. அரசன் மக்களை இரண்டாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிப் போட்டான். ஒரு பாதி அவனோடு தங்கியது. மறுபாதியை அவன் மகன் திர்ரேனஸ் அழைத்துக்கொண்டு ஸ்மிர்னா துறைமுகத்தில் கப்பல் கட்டிப் புறப்பட்டான். பல நாடுகளைக் கடந்து உம்பிரியர் நாட்டில் இறங்கிக் குடியேறினார்கள். அன்றிலிருந்து அவர்கள் திர்ரேனியர்கள். இத்தாலிக்கு மேற்கே உள்ள கடலை இன்றும் திர்ரேனியக் கடல் என்றுதான் சொல்கிறோம்.

இதில் ஒன்றைக் கவனி. ஹெரோடோட்டஸ் இதைத் தன் முடிவாகச் சொல்லவில்லை. "லிடியர்கள் இப்படிச் சொல்கிறார்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார். பாடக் குறிப்புகளில் முதலில் காணாமல்போவது அந்த வார்த்தைதான். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒரு நல்ல செய்தியாளரின் நேர்மை முழுவதும் அந்த வார்த்தையில் இருக்கிறது.

அகழாய்வு சொல்லும் சங்கதி வேறு. கி.மு. 900 வாக்கிலிருந்து இதே பகுதியில் ஒரு பண்பாடு தெரிகிறது. 1853-இல் பொலோனியா அருகே விலனோவா என்ற இடத்தில் முதலில் தோண்டி எடுத்ததால் விலனோவா பண்பாடு என்று பெயர். இறந்தவரை எரித்து, சாம்பலை இரட்டைக் கூம்பு வடிவத் தாழியில் போட்டுப் புதைத்தார்கள். சில இடங்களில் குடிசை வடிவத்திலேயே தாழி செய்தார்கள், கூரையும் கதவும் வைத்து. வேயி, தார்க்குவினியா, செர்வெத்தேரி, வூல்சி என்று பின்னால் பெரிய எட்ருஸ்க நகரங்களாக ஆனவை எல்லாம் விலனோவா ஊர்கள் இருந்த அதே மேடுகளில்தான் எழுந்தன. நடுவில் ஊர் எரிந்த அடையாளமோ, புது மக்கள் வந்து பழையவர்களைத் துரத்திய அடையாளமோ இல்லை. பேரன் தாத்தாவின் இடுகாட்டுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறான். கப்பல் கப்பலாக ஒரு நாட்டின் பாதி ஜனம் வந்து இறங்கியிருந்தால் மண்ணில் ஏதாவது ஒரு தடம் தெரிந்திருக்க வேண்டும்.

1947-இல் மாஸ்ஸிமோ பல்லொத்தீனோ என்ற இத்தாலிய அறிஞர் கேள்வியையே மாற்றிப் போட்டார். ஒரு மக்கள் கூட்டம் எங்கிருந்தோ முழுசாக உருவாகி வந்து இறங்குவதில்லை, பல இழைகள் ஒரு இடத்தில் சேர்ந்து அங்கேதான் அந்த மக்கள் ஆகிறார்கள், அந்த இடம் இத்தாலி என்றார். எனக்கு இன்றுவரை அதுதான் சரியாகப் படுகிறது.

ஹெரோடோட்டஸை மறுத்த டயோனிசியஸ் அவருக்கு நானூறு வருடம் பிந்தியவர். நேரடிச் சாட்சியம் எதுவும் அவரிடம் இல்லை. அவர் பேச்சை எப்படி ஏற்பது?
— வழக்கறிஞர், மதுரை

உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி. ஆனால் டயோனிசியஸ் சாட்சியாக வரவில்லை சார், குறுக்கு விசாரணை செய்ய வந்தவர்.

இருவருக்கும் ஒரே சொந்த ஊர். ஹாலிகர்னாசஸ், இன்றைய துருக்கியின் போட்ரம். டயோனிசியஸ் கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமுக்கு வந்து, லத்தீன் கற்று, வருடக்கணக்கில் அங்கேயே தங்கி ரோமின் பழைய வரலாற்றை எழுதினார். அப்போது எட்ருஸ்க மொழி பேசும் ஆட்கள் கொஞ்சம் பேராவது உயிரோடு இருந்தார்கள்.

அவர் கேட்ட முதல் கேள்வி: லிடியாவின் சொந்த வரலாற்றாசிரியர் சாந்தஸ் இந்தக் குடிபெயர்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்? சாந்தஸின் கணக்குப்படி அட்டிஸின் மகன்கள் லிடஸ், டொரேபஸ் இருவர்தான். இருவரும் ஊரை விட்டே போகவில்லை. அடுத்து, எட்ருஸ்கர்கள் பேசுவது லிடிய மொழி இல்லை, கும்பிடுவது லிடியர்களின் தெய்வங்களை இல்லை, சட்டமும் பழக்கவழக்கமும் வேறு. எந்த இனத்தோடும் ஒட்டாத மிகப் பழைய மக்கள், அந்த மண்ணுக்கே உரியவர்கள், தங்களை ரசென்னா என்று அழைத்துக்கொள்கிறார்கள் என்று முடித்தார்.

அவருக்கும் ஒரு சார்பு உண்டு. ரோமானியர்கள் கிரேக்க வழி வந்தவர்கள் என்று நிறுவுவதுதான் அவர் புத்தகத்தின் நோக்கம். பக்கத்து வீட்டு எட்ருஸ்கர்களைத் தனியே ஒதுக்கி வைப்பது அதற்கு வசதியாக இருந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மொழியைப் பற்றி அவர் சொன்னது நின்றுவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிடியத் தலைநகர் சார்டிஸைத் தோண்டியபோது லிடியக் கல்வெட்டுகள் கிடைத்தன. அதில் ஒன்று லிடியம், அராமேயம் என இரண்டு மொழியிலும் எழுதப்பட்டது. அதை வைத்துப் படித்தபோது லிடிய மொழி, பழங்காலத் துருக்கியில் பேசிய ஹிட்டைட் மொழிக்கு உறவு, அதாவது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது உறுதியானது. எட்ருஸ்க மொழி அந்தக் குடும்பத்தில் இல்லை. லிடியர்கள் கப்பலேறி வந்து இந்த மொழியைப் பேசியிருக்க வழியில்லை. அந்தக் கல்வெட்டுகள் இல்லாமலே, காதால் கேட்டதை வைத்து இதைச் சொன்ன மனிதர் டயோனிசியஸ். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கட்டுரையோடு வந்த நகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. கடுகைவிடச் சின்னத் தங்க மணிகளை வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். நாங்கள் பரம்பரையாகப் பட்டறை வைத்திருப்பவர்கள், இந்த வேலை கண்ணுக்குத் தெரியும். இது கிழக்கு நாட்டு வேலை இல்லையா? வேலை வந்தால் ஆளும் வந்திருப்பான்தானே?
— நகை ஆசாரி, கோவை

ஐயா, படத்தைப் பார்த்தே பிடித்துவிட்டீர்கள். மணி ஒட்டும் வேலை மெசபடோமியாவில் எட்ருஸ்கர்களுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பே இருந்தது. 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள அங்கத்திய பழைய நகரத்தின் அரச கல்லறைகளில் கிடைத்திருக்கிறது. இன்றைய லெபனான் கரையின் கடல் வணிகர்களான ஃபினீசியர்கள் வழியாகத்தான் அது மேற்கே வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். ஆனால் எட்ருஸ்கர்கள் அதை எடுத்துக்கொண்டு போன தூரம் வேறு. அவர்களுடைய மிக நுண்ணிய மணிகள் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. தூள் தூவின மாதிரி இருக்கும், பக்கத்தில் போனால்தான் தனித்தனி உருண்டை என்று தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் ரோமின் காஸ்தெல்லானி என்ற நகைக் குடும்பம் இதே வேலையைத் திரும்பச் செய்து பார்க்கப் பாடுபட்டது. சாதாரணப் பொடி வைத்துப் பற்றவைத்தால் மணிகளுக்கு இடையில் வழிந்து நிரம்பிவிடும், உங்களுக்குத் தெரியாததா. பழைய ஆட்கள் செம்புக் கனிமத்தைப் பசையோடு குழைத்து மணியை ஒட்டிக் கரி நெருப்பில் வாட்டியிருக்க வேண்டும் என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. பசை கருகிப்போகும், செம்பு தங்கத்தோடு கலந்து தொட்ட இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

ஆளும் வந்தானா என்றால், வந்திருக்கிறான். கைவினைஞர்கள், வணிகர்கள் நிச்சயமாக வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். எல்பா தீவில் இரும்புத் தாது, எதிர்க்கரையில் மலைகளில் செம்பு. கடற்கரையில் பொபுலோனியா என்ற ஊரில் நூற்றாண்டுக் கணக்கில் இரும்பு உருக்கிக் கொட்டிய கசடு, அவர்களுடைய கல்லறைகளையே மூடிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதில் மிச்சமிருந்த இரும்புக்காகக் கசடை அள்ளியபோதுதான் அந்தக் கல்லறைகள் வெளியே தெரிந்தன. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் இன்றைய இஸ்கியா தீவில் குடியேறினார்கள். அங்கே எல்பாவின் இரும்புத் தாது கிடைத்திருக்கிறது. உலோகம் போனது, தங்கமும் தந்தமும் எழுத்தும் வந்தன. செர்வெத்தேரியில் 1836-இல் திறந்த ரெகோலினி-கலாஸ்ஸி கல்லறையின் பெரிய தங்க ஊக்கு, சிங்கங்களும் வாத்துகளுமாக, இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பணக்கார எட்ருஸ்கப் பெண் ஒருத்தி, கிழக்கிலிருந்து வந்த பாணியில், உள்ளூரில் செய்த நகையோடு புதைக்கப்பட்டாள். அவள் தாத்தா லிடியாவிலிருந்து வந்தார் என்பதற்கு அந்த ஊக்கு சாட்சி ஆகாது.

இதே தர்க்கம்தான் "தம்பதி ஈமப்பேழை"க்கும். மகள் ரோமில் படித்த காலத்தில் அவளோடு தங்கியிருந்தபோது, வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் அடிக்கடி போய் நிற்பேன். சுட்ட மண்ணில் செய்தது, கி.மு. 520 வாக்கில். சுமார் 400 துண்டுகளாகக் கிடைத்ததை ஒட்டியிருக்கிறார்கள், விரிசல் கோடுகள் கன்னத்திலும் தோளிலும் ஓடும். கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் சாய்ந்து விருந்துக்கு அமர்ந்திருப்பார்கள். அவள் காலில் முனை வளைந்த கூர்ச் செருப்பு, தலையில் மென்மையான குல்லாய், அவன் வெறுங்கால். இருவர் கண்ணும் பாதாம் வடிவத்தில் கொஞ்சம் மேலே சாய்ந்திருக்கும். "பாருங்கள், ஆசிய முகம்" என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். அந்தக் கண்ணும் அந்தச் சிரிப்பும் அன்றைய அயோனியக் கிரேக்கச் சிற்பிகளின் பாணி. ஏதென்ஸில் கிடைத்த அதே காலத்துச் சிலைகளிலும் அதைப் பார்க்கலாம். சிற்பப் பாணியை வைத்து ரத்தம் கணிப்பது எனக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாத விஷயம்.

ஆட்டு ஈரல் பார்த்துக் குறி சொன்னார்களாமே? பாபிலோனிலும் அதுதானே வழக்கம்?
— வாசகர், நாகர்கோவில்

ஆமாம். 1877-இல் பியாசென்சா அருகே வயலை உழுதபோது ஒரு வெண்கல ஈரல் கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் அளவு. ஓரத்தைச் சுற்றி 16 கட்டம், கட்டத்துக்குக் கட்டம் தெய்வப் பெயர். பாபிலோனியர்கள் களிமண்ணில் செய்த ஈரல் மாதிரிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன, அவை இந்த வெண்கல ஈரலைவிட ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஹிட்டைட் தலைநகரிலும் கிடைத்திருக்கின்றன. கிழக்கிலிருந்து வந்த கலை என்பதில் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இல்லை. குறி சொல்பவர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள். ஒரு கலை பயணம் செய்ய ஒரு நாடே கிளம்ப வேண்டியதில்லை.

லெம்னோஸ் தீவுக் கல்லைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. அது உங்கள் கட்சிக்கு எதிரான ஆதாரம் அல்லவா?
— தமிழாசிரியர், யாழ்ப்பாணம்

மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் ஐயா. கிழக்குக் கட்சிக்காரர்களிடம் இருக்கும் மிக வலுவான ஆதாரம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லெம்னோஸ், துருக்கிக் கரைக்கு அருகே ஏகேயக் கடலில் உள்ள தீவு. 1885-இல் அங்கே காமினியா என்ற ஊரில், ஒரு தேவாலயச் சுவரில் பதித்திருந்த கல்லைக் கவனித்தார்கள். ஈட்டி பிடித்த ஒருவனின் பக்கவாட்டு முகம், சுற்றிலும் கிரேக்க வழி எழுத்து. காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு. எழுத்து கிரேக்கத்தைச் சார்ந்தது, மொழி கிரேக்கம் இல்லை. இன்று ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லில் இறந்தவனின் வயதைச் சொல்லும் இடத்தில் 'அவிஸ்' என்றும் 'சியால்க்வெய்ஸ்' என்றும் வருகிறது. இத்தாலியில் எட்ருஸ்கக் கல்லறைகளில் 'அவில்' என்றால் ஆண்டு, 'சியால்க்' பத்துகளில் ஓர் எண். ஒரே சொல், ஒரே இடத்தில், ஒரே மாதிரி விகுதியோடு. தற்செயல் என்று தள்ள முடியாது. இரண்டும் உறவு மொழிகள்தான்.

அந்த மனிதனுக்கு என்ன வயது என்பதிலேயே ஒரு சண்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வூல்சி பக்கம் கிடைத்த இரண்டு தந்தப் பகடைகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. புள்ளிக்குப் பதிலாக முகத்துக்கு ஒரு சொல்: து, சல், கி, ஹுத், மக், ஷா. இதில் து ஒன்று, சல் இரண்டு, கி மூன்று, மக் ஐந்து என்பதை ஏறக்குறைய எல்லாரும் ஏற்கிறார்கள். ஹுத், ஷா இரண்டில் எது நான்கு, எது ஆறு? எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வர வேண்டும் என்ற விதிப்படி பார்த்தால் ஹுத் ஆறு. ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகாப் பகுதியில் கிரேக்கர்கள் "நான்கு ஊர்" என்று அழைத்த இடத்துக்குப் பழைய பெயர் ஹித்தேனியா, ஆகவே ஹுத் நான்கு என்பது மறுதரப்பு. 'சியால்க்' பிறப்பது ஷாவிலிருந்து. பகடையின் ஒரு முகத்தை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து லெம்னோஸ் வீரன் நாற்பதிலோ அறுபதிலோ செத்துப்போகிறான்.

சரி, உறவு என்று ஆன பிறகு எந்தத் திசையில்? லெம்னோஸிலிருந்து இத்தாலிக்கு ஆட்கள் போனார்கள் என்று ஒரு சாரார். ராபர்ட் பீக்ஸ் என்ற டச்சு மொழியியலாளர் 2002-இல் இந்தக் கட்சியை மிக உறுதியாக வாதாடினார். அப்படியே தலைகீழாக, இத்தாலியிலிருந்து கடலோடிகளும் கொள்ளையர்களும் போய் லெம்னோஸில் தங்கினார்கள் என்பது கார்லோ தெ சிமோனே போன்றவர்கள் கருத்து. கிரேக்க இலக்கியம் முழுக்கத் திர்ரேனியக் கடற்கொள்ளையர்கள் நிறைந்திருப்பது இதற்குத் துணை. இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பரவுவதற்கு முன்பு இந்தக் கரைகளில் எல்லாம் பேசப்பட்ட ஒரு பழைய குடும்பத்தின் இரண்டு மிச்சங்கள் இவை என்பது மூன்றாவது வழி. எகிப்தில் மெர்னெப்தா காலத்துக் கல்வெட்டில், கி.மு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கடல்வழி வந்து எகிப்தைத் தாக்கிய 'கடல் மக்கள்' கூட்டங்களில் 'தெரெஷ்' என்று ஒரு பெயர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. திர்ரேனியர் என்பதோடு ஒத்துப்போகும் பெயரொலியைத் தவிர கையில் பிடிக்க வேறொன்றும் இல்லை.

கல் ஒன்று, மொழி உறவு உறுதி. லெம்னோஸ் கல் எனக்கு எதிரி என்று நான் நினைக்கவில்லை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கல்லை வைத்து அதற்கு அறுநூறு வருடம் முந்தைய பயணத்தின் திசையைச் சொல்ல முடியாது என்பதுதான் என் நிலை.

இப்போதுதான் மரபணு ஆய்வு எல்லாம் வந்துவிட்டதே. இன்னும் என்ன விவாதம்?
— ஐடி ஊழியர், சென்னை

மரபணுவும் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லவில்லை தம்பி. 2007-இல் டஸ்கனியின் முர்லோ போன்ற ஊர்களில் இன்று வாழ்பவர்களின் தாய்வழி மரபணுவை எடுத்துப் பார்த்து, மேற்கு ஆசியத் தொடர்பு தெரிகிறது என்றார்கள். அதே வருடம் டஸ்கனி மாடுகளிலும் அதே தொடர்பு என்று ஒரு ஆய்வு. பத்திரிகைகள் "ஹெரோடோட்டஸ் ஜெயித்தார்" என்று கொண்டாடின. 2013-இல் இன்னொரு குழு, தொடர்பு இருக்கிறது, ஆனால் அது குறைந்தது ஐயாயிரம் ஆண்டு பழையது, லிடியக் கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது. இன்று வாழ்பவர்களை வைத்து அன்றைய மக்களைக் கணிப்பதில் பெரிய ஓட்டை இருக்கிறது, நடுவில் ரோமப் பேரரசு வந்து போயிருக்கிறது.

பெரிய வெளிச்சம் 2021-இல். இத்தாலி, ஜெர்மனி ஆய்வாளர்கள் சேர்ந்து மத்திய, தென் இத்தாலியின் 12 இடங்களிலிருந்து, கி.மு. 800 முதல் கி.பி. 1000 வரை வாழ்ந்த 82 பேரின் எலும்பு, பல்லிலிருந்து நேரடியாக மரபணு எடுத்தார்கள். எட்ருஸ்கர்களில் பெரும்பாலோர் பக்கத்திலிருந்த லத்தீன் மக்களைப் போலவேதான் இருந்தார்கள். அவர்கள் காலத்துக்குச் சற்று முன்பு அனத்தோலியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, வந்து கலந்த தடம் இல்லை. வேறு இடத்திலிருந்து வந்த தனி ஆட்கள் சிலர் இருந்தார்கள், துறைமுக நாட்டில் அது இயல்பு.

உண்மையான புதிர் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எட்ருஸ்கர்களின் மரபணுவில் கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியிலிருந்து வந்தவர்களின் பங்கு கணிசமாக இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தப் புல்வெளி மக்கள் போன இடத்துக்கெல்லாம் இந்தோ-ஐரோப்பிய மொழி போனது என்பதுதான் பொதுக் கணக்கு. லத்தீன்காரர்களிடம் கணக்கு சரியாக வருகிறது. அதே மாதிரி மரபணு உள்ள எட்ருஸ்கர்கள் மட்டும் வேறு மொழி பேசுகிறார்கள். வந்தவர்கள் உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்டார்களா? தாய்மார்கள் வீட்டில் பழைய மொழியையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களிடமும் இதே புதிர் உண்டு. ரத்தம் ஒரு வழியில் வரும், மொழி ஒரு வழியில் வரும், கையில் இருக்கும் பண்டம் மூன்றாவது வழியில் வரும். "எட்ருஸ்கர்கள் எங்கிருந்து வந்தார்கள்" என்ற ஒற்றைக் கேள்வியில் இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டியதால்தான் விடை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விலனோவா மக்கள் இறந்தவரை எரித்தார்கள். எரிந்த எலும்பில் மரபணு மிஞ்சுவதில்லை. கி.மு. 1200-லிருந்து 800 வரை, விவாதத்துக்கு மிக முக்கியமான அந்த இடைவெளியில் கையில் உள்ள மாதிரிகள் மிகக் குறைவு. கிழக்குக் கட்சிக்காரர்கள் இதைச் சுட்டிக்காட்டினால் அது நியாயமான வாதம்.

ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று ஒரு கொள்கை படித்தேன்.
— வாசகி, சேலம்

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியதை வைத்து வந்த கொள்கை. ஆல்ப்ஸில் வாழ்ந்த ரேட்டியர்கள் எட்ருஸ்கர்களின் உறவினர்கள், பேச்சின் ஒலி மட்டும் மிச்சம், அதுவும் சிதைந்துபோனது என்கிறார் அவர். 18-ஆம் நூற்றாண்டில் இதைத் திருப்பிப் போட்டு, மலையிலிருந்துதான் எல்லோரும் இறங்கினார்கள் என்றார்கள். இன்று அதை ஆதரிப்பவர்கள் குறைவு. ஆனால் மொழி உறவு உண்மை: எட்ருஸ்கம், ரேட்டிகம், லெம்னோஸ் மொழி மூன்றையும் ஒரே குடும்பமாக 1998-இல் ஹெல்முட் ரிக்ஸ் நிறுவினார்.

எட்ருஸ்க மொழியில் தந்தைக்கு 'அப்பா' என்றே சொல்வார்களாம். அப்படியானால் அது திராவிட மொழிதானே?
— வாசகர்கள் பலர்

இந்தக் கேள்வி எல்லா ஊரிலிருந்தும் வந்திருக்கிறது. 1904-லேயே நார்வே அறிஞர் ஸ்டென் கோனோ எட்ருஸ்கத்தையும் திராவிடத்தையும் ஒப்பிட்டு எழுதினார். இந்திய மொழிகள் கணக்கெடுப்பில் திராவிட மொழிகளுக்கான தொகுதியைத் தயாரித்தவரே அவர்தான், விவரம் தெரிந்தவர். இருந்தும் அந்த ஒப்பீடு நிற்கவில்லை. 'அபா' தந்தை, 'அதி' தாய் என்பது உண்மை. குழந்தை முதலில் உச்சரிக்கும் ஒலிகள் உலகெங்கும் இப்படித்தான் இருக்கும். ஹிட்டைட்டில் தந்தை 'அத்தா'. அடுத்த சொற்களுக்குப் போங்கள்: மகன் 'கிளன்', மகள் 'செக்', மனைவி 'புயா'. எண்களை மேலே சொன்னேன், து, சல், கி. ஒன்று, இரண்டு, மூன்றோடு வைத்துப் பாருங்கள். உறவு இல்லை.

அந்த 'கி' மூன்றுதான் என்பதற்கு ஒரு அழகான சாட்சி உண்டு. 1964-இல் பிர்கி துறைமுகக் கோயிலில் மூன்று தங்கத் தகடுகள் கிடைத்தன, சுருட்டி வைத்தபடி. பிரித்தால் ஓரமெல்லாம் ஆணித் துளை, தலையில் தங்கம் பொதிந்த ஆணிகள் சுருளுக்குள்ளேயே. இரண்டில் எட்ருஸ்கம், ஒன்றில் ஃபினீசியம். செர்வெத்தேரி அரசன் தெஃபாரியே வெலியானாஸ் ஒரு பெண் தெய்வத்துக்குக் கோயில் எடுத்த செய்தி. ஃபினீசியத்தில் ஆட்சியின் மூன்றாம் ஆண்டு என்று வரும் இடத்துக்கு நேராக எட்ருஸ்கத்தில் 'கி அவில்' என்று இருக்கிறது.

இரண்டாயிரத்தைந்நூறு வருடமாக இதற்காக ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார்கள்?
— இல்லத்தரசி, ஈரோடு

வம்சம் காட்டினால் காரியம் நடக்கும் என்பதால். கி.பி. 26-இல் திபேரியஸ் பேரரசருக்குக் கோயில் கட்டும் உரிமைக்காக ஆசிய மாகாணத்தின் 11 நகரங்கள் ரோமில் போட்டி போட்டன. சார்டிஸ் நகரத் தூதர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எட்ருஸ்கர்கள் தங்களை ரத்த உறவென்று ஒப்புக்கொண்டு போட்ட தீர்மானத்தைச் சபையில் வாசித்தார்கள். அட்டிஸ், திர்ரேனஸ், பிரிந்த பாதி ஜனம் என்று ஹெரோடோட்டஸ் கதை அப்படியே வந்தது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். இரு தரப்புக்கும் அந்தக் கதை பெருமையாக இருந்தது, அதனால் இரு தரப்பும் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கோயில் கடைசியில் ஸ்மிர்னாவுக்குப் போய்விட்டது.

மகன் பிளாரன்ஸில் வேலை பார்க்கிறான். கோடையில் போகிறோம். இதையெல்லாம் பார்க்க எங்கே போக வேண்டும் டீச்சர்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

பிளாரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்திலேயே அரெட்ஸோவில் கிடைத்த, கைமேரா என்ற புராண விலங்கின் வெண்கலச் சிலை இருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள். ரோமுக்கு வந்தால் வில்லா ஜூலியா. தம்பதி பேழையும் பிர்கி தகடுகளும் அங்கேதான். செர்வெத்தேரி இடுகாடு ரோமிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். வட்ட மேடுகளுக்கு நடுவே கல்லறைத் தெருக்களில் நிறைய நடக்க வேண்டியிருக்கும், குடை, தண்ணீர் அவசியம். தார்க்குவினியாவில் ஒவ்வொரு கல்லறைக்கும் செங்குத்தான படிகள் உண்டு. கீழே கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். முட்டி வலி இருந்தால் எல்லாவற்றிலும் இறங்காமல் சிறுத்தைக் கல்லறையிலும் வேட்டை-மீன்பிடிக் கல்லறையிலும் மட்டும் இறங்குங்கள். திங்கட்கிழமை வில்லா ஜூலியா விடுமுறை, அன்றைக்கு ரோமில் வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.